நவம்பர் பத்தியில் ஒரு தையல்

எங்கள் சபையில் எனக்கு அட்டைக்காரர் என்று பெயர். வேதாகமம் முழுவதையும் நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து, முந்நூற்று அறுபத்தைந்து கட்டம் போட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும்படி ஒரே அட்டையில் அச்சடித்துக் கொடுத்தவன் நான். அன்றைய பகுதியைப் படித்து முடித்ததும் கட்டத்தில் டிக் போட வேண்டும். வருஷக் கடைசியில் நிறைந்த அட்டையை ஒப்படைத்தால் மேடையில் பேர் வாசித்துப் பரிசு கொடுப்பார்கள். பதினோரு வருஷமாக என் பேர்தான் முதலில் வரும். எட்டாவது வருஷம், ஓரமெல்லாம் பொன்முலாம் பூசிய கனமான பைபிள் ஒன்று கொடுத்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் மட்டும் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தின் பாதிவரை படித்தேன். அதற்குப் பிறகு டிசம்பர் கடைசி வாரத்தில், நான் பிழை திருத்தும் அச்சகத்தில், டீ இடைவேளையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் டிக் போடுவேன். நீலம், கறுப்பு, மை தீர்ந்துபோகிற ஒன்று, பென்சில் என்று நாலு பேனா மாற்றி மாற்றிப் போடுவேன். ஒரு மூலையில் கொஞ்சம் டீயும் சிந்துவேன். பிழை திருத்துகிறவனுக்கு, பிழை எப்படி இருந்தால் நம்புவார்கள் என்பது அத்துப்படி. "நாள் பூரா எழுத்தையே பாத்துப் பாத்துக் கண்ணு நோகுது, இருந்தாலும் விடறதில்ல" என்று மேடையேறிச் சாட்சியும் சொல்லியிருக்கிறேன். அழுதவர்கள்கூட உண்டு.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் அக்காவைப் பற்றி. என்னைச் சொல்லாமல் அவளைச் சொல்ல வழியில்லை, அவ்வளவுதான்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். துவைத்துக் காய்ந்து வருகிற விரிப்புகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கே கிழிந்திருக்கிறதோ, எங்கே நைந்திருக்கிறதோ, அங்கே சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டு முடிச்சிட்டுத் தனியாக வைக்க வேண்டும். சிவப்பைப் பார்த்து மெஷின்காரர் ஒட்டுப்போடுவார். ஒட்டுப்போட்ட பிறகு நூலை உருவிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. தெருவில் யாராவது புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாலும் அவள் கண் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கும்.

அவள் படித்தது ஐந்தாவதுவரை. வரிக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசைத்துத்தான் படிப்பாள். காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து நாளைக்கு ஒரு அதிகாரம். மூன்று அதிகாரம் சேர்ந்தால்தான் அட்டையில் ஒரு டிக். அந்தக் கணக்குப்படி ஒரு அட்டை முடிய மூணே கால் வருஷம் ஆகும். மேடையில் அவள் பேர் வந்ததே இல்லை. "அக்கா, நீ முடிக்கறதுக்குள்ள அவரே வந்துடுவாரு" என்று இயேசுவின் இரண்டாம் வருகையைச் சொல்லி, சபை வாசலில் நாலு பேர் முன்னால் கேலி செய்திருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அத்தான் பழைய இரும்பு யார்டில் கிரேன் ஓட்டினார். நல்ல மனுஷன். குடி மட்டும் அளவு தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அக்காவை வண்டியில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிடுவார்; உள்ளே வர மாட்டார். எதிர்க்கடை நிழலில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்து அக்கா வெளியே வந்ததும், "என்ன, உன் ஆளு சௌக்கியமா இருக்காரா?" என்று இயேசுவை விசாரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா, "உங்களத்தான் கேட்டாரு" என்பாள்.

கல்லீரல் கெட்டு, அக்கா வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில் படுத்தார். அவருக்குக் கீழே கிடந்த விரிப்பைக்கூட அவள் பார்த்துத்தான் அனுப்பியிருப்பாள். கடைசி நாள் மத்தியானம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் ஆளுகிட்ட என்னையும் சொல்லி வை" என்றாராம். அவ்வளவுதான் அவர் செய்த ஜெபம்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அக்கா என்னிடம் கேட்டாள். "தம்பி, நீ எல்லாத்தையும் படிச்சவன். அவருக்கு அங்க இடம் இருக்குமாடா?"

பொன்முலாம் பைபிள் வாங்கியிருந்த புதுசு. தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்த நேரம். "வாழறப்பவே தேடியிருக்கணும்க்கா" என்று சொன்னேன். மறுநாள் காலையிலும் அக்கா டப்பாவை மூடி வைத்துவிட்டு சாமுவேலில் விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. போன டிசம்பரில் அச்சகத்துக் கம்ப்யூட்டர் கெட்டு, அட்டையின் ஃபைல் காணாமல் போய்விட்டது. புது வருஷ அட்டையை எதையாவது பார்த்துத்தான் டைப் செய்ய வேண்டும். நிறைந்த அட்டைகளைச் சபையில் வாங்கி எண்ணிவிட்டுக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அந்த வருஷத்து என் அட்டையை நாலு பேனா போட்டு முந்தின ஞாயிறே ஒப்படைத்திருந்தேன். சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் பார்த்து அக்காவிடம் போனேன். நீராவியில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது.

"அக்கா, உன் அட்டைய குடு. அதப் பாத்துதான் புதுசு அடிக்கணும்."

"என்னோடது எதுக்குடா? முடிச்சவங்க எத்தன பேர் இருக்காங்க."

"முடிச்சவங்கல்லாம் ஒப்படைச்சாச்சு. இன்னும் முடிக்காத ஆளு நீ ஒருத்திதான்."

அவள் பைபிளைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். எடுக்கும்போது கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது. விரித்துப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து வரிசையாக ஒரே நீலப் பேனாவில் டிக். நவம்பர் பத்தியின் முதல் வரியோடு நின்றுவிட்டது. நின்ற இடத்தில், இரண்டு வரிகளுக்கு நடுவே, அட்டையைத் துளைத்து ஒரு சிவப்பு நூல் முடிச்சு.

"என்னக்கா, நவம்பர்ல வண்டி நின்னுடுச்சா? இந்த வேகத்துல போனா அவரே வந்துடுவாரு."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "ஆகஸ்ட்லேயே நிறுத்திட்டேன்" என்றாள். "நாலு மாசம் ஆச்சு."

"இது என்ன நூல்?"

"இங்க எதுக்குப் போடுவோமோ அதுக்குத்தான்."

நூலுக்கு மேலே 'லூக்கா 20–22' என்று இருந்தது. கீழே 'யோவான் 1–3'. எனக்கு ஒன்றும் புரியவில்லை. லூக்காவில் மொத்தம் எத்தனை அதிகாரம் என்று மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை. பதினோரு தடவை முடித்தவனுக்குப் பதில் வரவில்லை.

"இருபத்துநாலு" என்றாள் அக்கா, கேட்காமலே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டை தயாரித்த அன்று நவம்பரில் முப்பத்தொரு வரி வந்துவிட்டது. ஒரு வரி அதிகம். கடைசி இரண்டு அதிகாரத்தையும் மேல் வரியோடு சேர்த்து 'லூக்கா 20–24' என்று ஆக்கிவிடலாம் என்று நினைத்து, கீழே இருந்த 'லூக்கா 23–24' வரியை நீக்கினேன். மேல் வரியில் 22-ஐ 24 ஆக்க மறந்துவிட்டேன். நீக்க வேண்டியது நீங்கிவிட்டது, சேர்க்க வேண்டியது சேரவில்லை. இந்த வேலையில் கத்துக்குட்டி செய்கிற தப்பு அது. பதினோரு வருஷமாக அப்படியே அச்சாகி, சபையில் அத்தனை பேரும் டிக் போட்டு, பரிசும் வாங்கிவிட்டோம்.

"ஏன்க்கா கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவள் மடியில் கிடந்த விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே பேசினாள். "அந்த சிலுவைல தொங்கின திருடன் கத அங்கதான் இருக்குன்னு பாஸ்டர் ஒரு தடவ சொன்னாரு. அதுவரைக்கும் முறையாப் படிச்சுட்டுப் போயி, என் கண்ணாலயே பாக்கணும்னு இருந்தேன். உங்க அத்தானுக்காக. ரெண்டு வருஷம் அந்த எடத்துக்காகத்தான்டா படிச்சேன். வந்து பாத்தா அட்டைல அது இல்ல. புஸ்தகத்துல இருக்கு, அட்டைல இல்ல."

"அதனால?"

"படிச்சவங்க யோசிச்சுத்தான் விட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். கதையா வேணா இருக்கட்டும், நம்பறதுக்கு ஆகாதுன்னு. அன்னைக்கு நீயும் அப்படித்தானே சொன்ன, வாழறப்பவே தேடியிருக்கணும்னு. கேட்டு நீ ஆமான்னு சொல்லிட்டா நான் என்னடா பண்ணுவேன்? அதான் கேக்கல. அதுக்கு மேல படிக்கவும் மனசு வரல."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய் பழக்கப்படி வேறு சொன்னது. "அய்யோ, அது வெறும் அச்சுப்பிழைக்கா. கம்போஸ் பண்ணவன் விட்டுட்டான்."

"நெஜமாவா?"

"சத்தியமா."

அக்கா விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி கேட்டாள். "அப்ப அத நீ படிச்சுக் காட்டுடா. உன் வாயால கேக்கணும்."

பரிசு பைபிள் என் பையில்தான் இருந்தது. நாலு பேர் கண்ணில் படட்டும் என்று எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போவேன். எடுத்துத் திறந்தேன். லூக்கா வரவில்லை. பொன்முலாம் பூசிய தாள்கள் புதிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்; ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தால்தான் விடும். என்னுடையது கட்டி கட்டியாக வந்தது. நகத்தால் கீறினேன். எச்சில் தொட்டுப் பார்த்தேன்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். கழுத்துப்பட்டியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நுனியால் ஒவ்வொரு தாளாக நெம்பிவிட்டாள். 'பிர்ர்' 'பிர்ர்' என்று சத்தம் வந்தது. இருபத்துமூன்றாம் அதிகாரம் வந்ததும் திருப்பி என் மடியில் வைத்தாள். துணியின் ஓரத்தைத் தொட்டே அது எத்தனை தடவை துவைத்தது என்று சொல்கிற கை அது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

படித்தேன். நான் அதை முழுசாகப் படிப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் தொங்குகிற இரண்டு பேர். ஒருவன் ஏளனம் செய்கிறான். மற்றவன், நமக்குக் கிடைத்தது நாம் செய்ததற்குத்தான், இவரோ ஒன்றும் செய்யாதவர் என்கிறான். பிறகு, உம்முடைய ராஜ்யத்தில் என்னை நினைத்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்கிறான். வேறு ஜெபம் இல்லை. அவனுக்கு அன்றைக்கே இடம் கிடைக்கிறது. அத்தான் கேட்டதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

"கம்போஸ் பண்ணவன் இல்லக்கா" என்றேன். "நான்தான். அட்டைல விட்டதும் நான்தான். பதினோரு தடவையும் படிக்காம டிக் போட்டதும் நான்தான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாலு மாசம்டா தம்பி. நாலு மாசம் அவர ஒரு எடமும் இல்லாம நிக்க வச்சுட்டேன்." சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் எழுந்துபோய் அடுத்த விரிப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். நான் கூனிக் குறுகி வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிறு மேடையில் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசு வாங்கிய நாற்பத்துமூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாசலில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, அந்த இரண்டு அதிகாரத்தையும் தாங்கள் அட்டையில் இல்லாமலே படித்துவிட்டதாக என் காதில் சொன்னார்கள். அந்த முகத்தை நான் பதினோரு வருஷம் போட்டுக்கொண்டவன்.

புது அட்டையில் 'லூக்கா 20–24' என்று இருக்கிறது. அக்கா நூலை உருவிவிட்டு யோவானுக்குப் போய்விட்டாள். நான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் அவள் வீட்டில் இறங்கி, அதே மேஜையில், ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நாளைக்கு ஒரு அதிகாரம். ஒட்டியிருக்கிற தாளை அக்காவின் ஊசியால்தான் பிரிக்கிறேன். வரிக்குக் கீழே விரல் வைக்காவிட்டால் எனக்குப் பழைய புத்தி வந்துவிடுகிறது. கண் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

நேற்று அக்கா டப்பாவை மூடிக்கொண்டே என் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். நான் இன்னும் நோவாவின் பேழையில்தான் இருந்தேன்.

"இந்த வேகத்துல நீ முடிக்கறதுக்குள்ள அவரே வந்துடுவாருடா" என்றாள்.

அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. விரலை வரியிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

"வந்தா, அவர்கிட்ட என்னையும் சொல்லி வை, அக்கா."