செங்கோடனைக் கொடுத்தது நான்தான்

என் முகத்தைக்கூடப் பார்த்திராத பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து, நான் என்று ஒருத்தி இந்த உலகத்தில் இல்லவே இல்லை என்று முடிவு கட்டியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்போது எங்கள் வீடு காளப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே, கோழிப்பண்ணையை ஒட்டி இருந்தது. நீளமாக இரண்டு கொட்டகைகள், தீவன மூட்டை அடுக்கும் அறை, அதற்குப் பக்கத்தில் ஆபீஸ் ரூம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சின்ன அறை. அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு முன்னால் எப்போதும் மாமா இருப்பார். அம்மாவின் கடைசித் தம்பி. இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாகியும் வேலை அமையாமல், அக்கா வீட்டில் தங்கிப் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வாள். அப்பா, மாமா சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விடுவார், அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு கால்பந்து அணி இருந்தது. பந்தும் கிடையாது, மைதானமும் கிடையாது, கையால் ஆட்டி விளையாடுகிற பொம்மைகளும் கிடையாது. ஒவ்வொரு ஆட்டக்காரனும் ஒரு பெயர், ஒரு வயது, நாலைந்து எண்கள், அவ்வளவுதான். வேகம் இத்தனை, மூச்சு இத்தனை, கோல் அடிக்கும் திறமை இத்தனை என்று இருபதுக்கு மார்க் போட்டிருப்பார்கள். யாரை இறக்குவது, எப்படி நிறுத்துவது என்று நாம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு லீக்கின் இயந்திரம் தானே ஆட்டத்தை நடத்தி, எந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று வரி வரியாகச் சொல்லும். பதினாறு அணிகள், பதினாறு மேலாளர்கள், பல தேசத்துக்காரர்கள். முப்பது ஆட்டம் முடிந்தால் ஒரு சீசன். ஒரு சீசன் முடிந்தால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வயது கூடும். முப்பத்தைந்தைத் தொட்டவனை லீக்கே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மாமா அதில் இருபது சீசன் ஆடியிருந்தார். நான்கு முறை இரண்டாம் இடம். கோப்பை மட்டும் ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அங்கே அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். இங்கிலீஷில் அவர் பதில் எழுதும்போது முதுகு நிமிர்ந்திருக்கும்.

ஒரு சீசன் தொடங்கும் நேரத்தில் கடைசி இடத்து அணியின் சொந்தக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. பள்ளி விட்டு வந்ததும் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். மாமா திரும்பிப் பார்த்தார்.

"நீ எடுத்துக்கறயா சாமி?"

எடுத்துக்கொண்டேன். அணிக்கு ஊர்ப் பெயரைத்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். காளப்பநாயக்கன்பட்டி முழுவதையும் திரையில் பெயர் எழுதும் பெட்டி வாங்கிக்கொள்ளவில்லை. பாதியில் வெட்டி 'காளப்பநாய' என்று நின்றுவிட்டது. அந்த 'நாய'வை அழித்துவிட்டால்தான் மானம் மிஞ்சும் என்று மாமா சொல்ல, மிச்சத்துக்கு ஒரு கால் சேர்த்து 'காளப்பா' ஆனோம். ஒரே வீட்டில் இரண்டு அணி இருந்தால் முன்கூட்டியே லீக்கை நடத்தும் கமிட்டிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாமா.

முதல் ஆட்டம் ஆறு–பூஜ்யம், தோல்வி. இரண்டாவது ஐந்து–ஒன்று. புதியவர்களுக்குச் சலுகையாக ஒரு பதினேழு வயதுப் பையனைக் கொடுத்து நாமே பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். செங்கோடன் என்று வைத்தேன். எண்கள் வந்தபோது மாமாவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேகம் பத்தொன்பது. கோல் அடிக்கும் திறமை பதினேழு. பதினேழு வயதில்!

செங்கோடன் தன் மூன்றாவது ஆட்டத்தில், எழுபத்தோராவது நிமிஷத்தில் கோல் அடித்தான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டகைக் கோழிகள் முழுக்க மிரண்டு கூண்டில் மோதின. கோழி பயந்தால் முட்டை குறையும் என்று அப்பா ஓடி வந்து திட்டினார். திட்டி முடித்து, "யாரு அந்தச் செங்கோடன்? எந்த ஊரு?" என்றார். கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவன் என்றதும் கொட்டகைக்கே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு பத்து நாளில் செங்கோடன் ஏழு கோல் அடித்தான். கடைசி இடத்திலிருந்து பதினோராம் இடத்துக்கு வந்தோம்.

அந்த வாரம் ஒரு நாள் மாமா என்னிடம் பக்குவமாகப் பேசினார். என் அணியில் முன்னால் அடிக்க ஆள் இருக்கிறது, பின்னால் காக்க ஆள் இல்லை என்றார். அது உண்மைதான். தன் கேப்டனையே எனக்குத் தருவதாகச் சொன்னார். பதினேழு சீசனாக அவருடன் இருந்தவன், அவருடைய அணியின் தூண். பதிலுக்குச் செங்கோடனைக் கொடுத்தால் போதும்.

"எனக்கு அவனைக் குடுக்க மனசே இல்ல சாமி. உனக்குன்னுதான் தர்றேன்" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேப்டனின் வயது முப்பத்து நான்கு என்று அவன் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பார்த்தேன். பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். சம்மதம் என்ற இடத்தில் அழுத்தினேன்.

நான்காம் நாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் என் அணி திறக்கவில்லை. காளப்பா முடக்கப்பட்டிருக்கிறது என்று கமிட்டியின் அறிவிப்பு, எல்லோரும் படிக்கும் பொதுப் பலகையில். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். காளப்பாவும் மாமாவின் அணியும் ஒரே இணைப்பிலிருந்து ஆடுகின்றன. முன்கூட்டியே யாரும் தெரிவிக்கவில்லை. அது போகட்டும், அந்த ஆட்டக்காரர் மாற்றத்துக்கு உண்மையான மனிதர் எவரும் சம்மதிக்க மாட்டார். எனவே காளப்பாவின் மேலாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது. அது மாமாவின் கள்ளக் கணக்கு.

கீழே வரிசையாக ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். முதல் நாளே சந்தேகப்பட்டேன் என்று ஒருவர். அந்தப் பெயரே போலியாகத் தெரிந்தது என்று இன்னொருவர். எங்கள் ஊரின் பெயரை! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செங்கோடனுக்குப் பெயர் வைத்தது நான். ஆறு–பூஜ்யத்தில் தோற்றுவிட்டு அழுதது நான். கோழியை மிரட்டித் திட்டு வாங்கியது நான். இவர்கள் யார், நான் இல்லை என்று சொல்ல?

மாமா அன்று விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உடு சாமி. வெளையாட்டுத்தானே" என்றார்.

"நீங்க எழுதுங்க மாமா. நான் இருக்கறேன்னு எழுதுங்க."

"எழுதுனா இன்னும் பெருசாப் போயிரும். நாலு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

அவர் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பெரிய மனிதர்களை எதிர்த்துப் பேச அவருக்குத் தைரியமில்லை, எங்கள் இருவர் மானத்தையும் நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். நேராக அப்பாவிடம் போனேன்.

அப்பாவுக்கு இந்த விளையாட்டு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் நான் சொன்னதில் ஒன்று மட்டும் சுருக்கென்று தைத்துவிட்டது.

"எம்புள்ள இல்லீன்னு எவன் சொன்னான்?" கையைக் கழுவிக்கொண்டு அப்படியே ஆபீஸ் ரூமுக்கு வந்தார். அவர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமா எழுந்து சுவர் ஓரம் நின்றுகொண்டார்.

"அவன் எதுக்கு அப்பிடிச் சொல்றான்? என்னத்த மாத்துன நீ?"

விளக்கமாகச் சொன்னேன். செங்கோடனைக் கொடுத்தேன், வயது பதினேழு. மாமாவின் கேப்டனை வாங்கினேன், வயது முப்பத்து நான்கு. முப்பத்தைந்தானால் லீக் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பதையும், விதிகள் எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று காட்டுவதற்காகச் சேர்த்துச் சொன்னேன்.

அப்பா திரையில் அந்த இரண்டு பெயர்கள் மேலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இப்பத்தான் முட்டைக்கு வந்த கோழியக் குடுத்துப்போட்டு, முட்டை நின்ன கோழிய வாங்கியிருக்கற?"

"அதில்லீங்கப்பா. அவரு கேப்டனுங்க. மாமா எனக்குன்னு குடுத்தாருங்க."

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா சுவரில் மாட்டியிருந்த மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது சாமி. நல்லா வெவரமா எழுது. உன்ற வயசையும் எழுது. கேட்டது யாரு, குடுத்தது யாரு, எல்லாத்தையும் எழுது" என்றார் அப்பா. அப்பாவும் என் பக்கம் நிற்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது கொட்டகைக்கு முன்னால், காளப்பா என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் முறைத்தபடி நிற்க, அம்மாவின் போனில் அப்பாவே படம் எடுத்தார்.

நான் ஒரு மனுஷி, ஏழாம் வகுப்பு படிக்கிறேன், செங்கோடனை என் மாமா கேட்டார், நான் முழு மனதோடு கொடுத்தேன், என்னை யாரும் வற்புறுத்தவில்லை, என் மாமா ரொம்ப நல்லவர் என்று இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கமிட்டித் தலைவருக்கு அனுப்பினேன். அவர் ஏதோ குளிர் தேசத்துப் பெரியவர். மறுநாளே பதில் வந்தது. முதல் வரியில் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். நான் இருப்பதை லீக் ஒப்புக்கொண்டது; காளப்பாவையும் திறந்துவிட்டது. குதித்தேன். அடுத்த வரிகளைப் படித்ததும் குதிப்பு நின்றுவிட்டது. செங்கோடன் காளப்பாவுக்கே திரும்பி வருகிறான். மாமாவின் அணிக்கு ஆறு புள்ளிகள் குறைப்பு. இந்த சீசன் முடியும் வரை அவர் யாரையும் வாங்கவோ விற்கவோ முடியாது.

உண்மையைச் சொன்னதற்கா தண்டனை? அதுவும் எனக்கு இல்லாமல் மாமாவுக்கு? நான் இல்லை என்று சொன்னது அவர்கள் தப்பு. அதை நிரூபித்ததற்குத் தண்டனை எங்களுக்கா? மறுபடி எழுதினேன். செங்கோடன் எனக்கு வேண்டாம், புள்ளிகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். பெரியவரிடமிருந்து ஒரே ஒரு வரிதான் வந்தது. வளர்ந்த மனிதர் அதை உன்னிடம் கேட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் அர்த்தம் பார்த்தேன். எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான். எதைச் சொல்ல வருகிறார் என்பதுதான் விளங்கவில்லை.

மாமாவுக்கு நடந்த அநியாயத்தை நானே சரி செய்வது என்று தீர்மானித்தேன். சீசனின் கடைசி ஆட்டம் காளப்பாவுக்கும் மாமாவின் அணிக்கும். புள்ளி குறைந்தும் மாமா எப்படியோ மேலே ஏறி வந்திருந்தார். அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் கோப்பை அவருக்கு. இருபது சீசனில் கிடைக்காதது. நான் யாரிடமும் சொல்லாமல் செங்கோடனை வெளியே உட்கார வைத்தேன். கோல்கீப்பர் இடத்தில், முன்னால் நின்று கோல் அடிக்கிற ஒருவனை நிறுத்தினேன்.

ஐந்து மணிக்கு எட்டு–பூஜ்யம் என்று வந்தது. மாமா சாம்பியன்.

மாமா முடிவைப் படித்தார். பிறகு என் அணிப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார்.

"செங்கோடன ஏஞ்சாமி எறக்குல?"

"உங்களுக்காகத்தானுங்க மாமா."

அவர் சிரிப்பார், என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து வெளியே போய், தண்ணீர்த் தொட்டியில் முகத்தைக் கழுவினார். திரும்பவும் கழுவினார். வெயில் அதிகம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பொதுப் பலகையில் மாமா எழுதியிருந்தார். கோப்பை தனக்கு வேண்டாம், இரண்டாம் இடத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள், தன் அணியை வேறு யாருக்காவது தரலாம், லீக்கை விட்டுப் போகிறேன் என்று நாலே வரி. எட்டு கோல் வாங்கியிருக்கிறேன்! எனக்கு ஊரெல்லாம் அவமானம். யாருக்காக வாங்கினேன்? அவர் அதைத் தூக்கி எவனோ ஒருவனுக்குக் கொடுக்கிறார். கேட்டபோது, "போதுஞ்சாமி" என்று மட்டும்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவரும் கம்ப்யூட்டர் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து, சூரமங்கலத்தில் ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அப்பா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். இரண்டு வருஷத்தில் அவர் மாமாவுக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. அம்மா வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, மாமா போய்ட்டு வாரேன்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

நான் போகவில்லை. கொட்டகைக்குள் போய்க் கூண்டு வரிசைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, வண்டிச் சத்தம் ஓயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. யார், எதில் என்பதுதான் தெரியவில்லை.