செங்கல்வராயன் தட்டிப் பார்த்த கல்

மேல்விஷாரத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் செங்கல்வராயனுக்குக் 'கல்தட்டி' என்று பெயர். வைத்தவன் நான்தான். அவன் விரிஞ்சிபுரத்துக்காரன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் வேலைக்கு வந்தான். நான் வெல்டர். நான் பற்றவைத்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கும் கிரைண்டருக்குக் கல் தேர்ந்தெடுத்துத் தருவது அவன் வேலை. இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று கேட்காதவர் கிடையாது. நானும் கேட்டிருக்கிறேன்.

கடையில் எடுத்துக் கொடுத்த கல்லை அப்படியே வாங்கி வரமாட்டான். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, உளியின் மரப்பிடியால் நாலு பக்கமும் தட்டுவான். கணீர் என்றால் கல் நல்ல கல். சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை பார்க்கமாட்டான். அதோடு விட்டானா? கெட்டி இரும்புக்கு மெத்தென்ற கல், மெத்தென்ற இரும்புக்குக் கெட்டிக் கல் என்று ஒரு சட்டம் வேறு. கெட்டி இரும்பில் கல்லிலுள்ள பொடி மணி சீக்கிரம் மழுங்கும், மழுங்கினது உதிர்ந்தால்தானே புது மணி வெளியே வரும் என்பான். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. கல்லின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் என்ன ரகம் என்று போட்டிருக்கிறதோ அதைக் கல்லை விரலால் தடவியே சொல்லிவிடுவான்.

அறுபத்துமூன்றில் பக்கத்து ஊர்த் தோல்ஷாப்பில் பெரிய டிரம்மின் அச்சு உடைந்துபோயிற்று. உள்ளே தோலைப் பதப்படுத்தும் மரப்பட்டைத் தண்ணீரில் இருநூறு மாட்டுத்தோல். டிரம் சுற்றாமல் நின்றால் தோலில் நிறம் திட்டுத்திட்டாக ஏறி அத்தனையும் பாழ். மதியத்துக்குள் ஓடியாக வேண்டும். மேனேஜர் கோதண்டபாணி நெருப்பை மிதித்தவர் மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்.

அச்சை நான் பற்றவைத்தேன். இரும்புத்தூள் பட்டால் ஈரத்தோலில் கறுப்புப் புள்ளி விழும் என்று செங்கல்வராயன் சுற்றிலும் நனைந்த சாக்கைக் கட்டினான். பாதி தேய்ப்பதற்குள் நாங்கள் கொண்டுபோன கல் தேய்ந்துபோய்விட்டது. தோல்ஷாப்பில் ஸ்டோர் பார்க்கும் ஜியாவுல்லா பாய் ஓடிப்போய்ப் புதுக் கல் ஒன்று கொண்டுவந்தார். செங்கல்வராயன் தட்டினான். தொப்பென்றது.

"இது வேணாம் சார். நான் போய் வேற கல்லு எடுத்தார்றேன்" என்றான்.

"இன்னாய்யா விளையாடுறியா? பிரிக்காத புதுக் கல்லு அது! மாட்டுய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

நானும் கத்தினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "குடுடா, நான்தானே புடிக்கப் போறேன்? உனக்கு இன்னாடா பேஜாரு?" என்று கையை நீட்டினேன்.

அவன் கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நீ புடிக்கப் போறதாலதான் சாமிநாதா தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கல்லோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

ஒர்க்‌ஷாப்பு போய்வர நாலு மைல். முக்கால் மணி நேரம் மேனேஜரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும். ஆனால் அவன் கொண்டுவந்த பழைய கல் வெண்ணெயை வழிப்பதுபோல இரும்பை வழித்தது. பன்னிரண்டு அடிப்பதற்குள் டிரம் சுற்றியது.

மேனேஜருக்குக் கோபம் ஆறவில்லை. "அந்தப் புதுக் கல்லை இப்ப ஓட்டிக் காட்டு. நல்லா ஓடிச்சுன்னா இனிமே உங்க ஆளுங்க யாரும் இந்த கேட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார்.

செங்கல்வராயன் உடனே கிரைண்டரைக் கையில் எடுத்தான். கல்லை மாட்டி, கிரைண்டரைப் பட்டைக் குடோனில் ஒரு மேஜையோடு இறுக்கிக் கட்டினான். எல்லாரையும் சுவருக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிட்டு, தானும் சுவருக்குப் பின்னால் நின்று ஸ்விட்சைப் போட்டான். பத்துகூட எண்ணியிருக்க மாட்டோம். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். உள்ளே போய்ப் பார்த்தால் கல் மூன்று துண்டு. ஒரு துண்டு, எதிரே ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த பட்டை மூட்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. கிரைண்டரைப் பிடிக்கிறவன் முகம் இருக்கும் உயரம்.

ஜியாவுல்லா பாய் ஒரு துண்டைக் கையில் எடுத்தார். "எறக்கும்போது கீழ விழுந்துச்சுப்பா. மயிர் மாதிரி ஒரு கீறல் இருந்துச்சு. தோலு வெடிச்சா புங்க எண்ணெய் தடவுறோமே, அந்த மாதிரி நல்லா தேச்சு ஊறவெச்சேன். கீறலும் மறைஞ்சுபோச்சு, சரியாய்டுச்சுன்னு திருப்பிக் காகிதத்துல சுத்தி வெச்சுட்டேன்" என்று அழுதார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. மேனேஜர் வெளியே போய், டிரம் பக்கத்தில் நின்றிருந்த அத்தனை ஆட்கள் முன்னாலும் செங்கல்வராயனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவன் கூச்சத்தில் நெளிந்தான். என் நெஞ்சுதான் நிமிர்ந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப்பு ஆள்! என் தோஸ்து!

அடுத்த மாதம் எனக்கு மகன் பிறந்தான். செங்கல்வராயன் என்று பெயர் வைத்தேன். குடும்பத்துப் பெரியவர் பெயரை விட்டுவிட்டு எவன் பெயரையோ வைப்பதா என்று என் அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். குழந்தையின் முகத்தைப் பார்க்க எனக்கு இரண்டு கண்ணும் இருந்ததே அவனால்தான்.