மைக்கின் முதுகு

விழுப்புரத்தில் ஜவுளிக்கடை திறப்பு விழா, பர்னிச்சர் கடை தள்ளுபடி, இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று எது நடந்தாலும் ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கரில் ஒரு குரல் ஊரைச் சுற்றிவரும். அப்படிச் சுற்றுகிற குரல்களில் ஒன்று என்னுடையது. முன்பெல்லாம் ஆட்டோவிலேயே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவேன். இப்போது வீட்டில் செல்போனில் ஒருமுறை பேசி அனுப்பினால் போதும், ஆட்டோக்காரர் நாள் முழுக்க அதையே ஓட்டிக்கொள்வார். காய்கறி வாங்கப் போகிற வழியில் என் குரல் எனக்கு எதிரே வந்து, நானே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டிருக்கிறேன்.

அந்தக் குரலை எங்கோ கேட்டுவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. விவசாயிகளின் செல்போனுக்குப் பூச்சி, நோய், உரம் பற்றிக் குரல் செய்தி அனுப்புகிறவர்கள். மாதிரிக்கு ஒரு பக்கம் படித்து அனுப்பச் சொன்னார்கள். நிலக்கடலையில் வரும் இலைப்புள்ளி நோய் பற்றிய பக்கம். அனுப்பினேன். மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் பேசினார்.

"சார், வாய்ஸ் நல்லா இருக்கு. ஆனா பின்னாடி ரொம்ப சத்தம். வீட்லதான பேசுனீங்க?"

"வீட்லதாங்க."

"பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசின மாதிரி இருக்கு சார். போன்ல வேணாம். ஒரு நல்ல மைக்கும் ப்ரீஆம்ப்பும் வாங்கிடுங்க."

மைக் புரிந்தது. மற்றது என் காதில் 'ஃப்ரீ ஆம்ப்' என்று விழுந்தது. மைக் வாங்கினால் ஆம்ப்ளிஃபயர் இலவசம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பத்து வருஷமாக 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கத்தியவனுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

என் மனைவியின் தம்பி திண்டிவனத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுகிறவன். அவனுக்குப் போன் போட்டு, எந்தக் கடையில் ஆம்ப் இலவசமாகத் தருகிறார்கள் என்று கேட்டேன்.

"மாமா, அது ப்ரீ. ப்ரீன்னா முன்னாடின்னு அர்த்தம். மைக்குலேர்ந்து வர்ற சவுண்டு தம்மாத்தூண்டு இருக்கும். அத முன்னாடியே ஏத்திவுட்டு அப்புறம் உள்ள அனுப்புற பொட்டி. எவன் சும்மா தரப்போறான்?"

"அப்ப எந்த மைக்கு வாங்குறது?"

"எதையும் வாங்கிடாதீங்க. ஞாயித்துக்கெழம கடைக்கு வாங்க, பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குள் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். வீடியோவில் பேசுகிற எல்லாருக்கும் தாடி இருந்தது, முதுகுக்குப் பின்னால் ஊதா விளக்கு எரிந்தது. ஒருவர் சிறந்தது என்று சொன்ன மைக்கை அடுத்தவர் தொடவே கூடாது என்றார். எல்லார் முன்னாலும் நின்றது மட்டும் ஒரே மாதிரி மைக். கண்டென்சர் என்றார்கள். சின்னத் தண்ணீர் பாட்டில் அளவு, மேல்பாதி வலை. ஊசி விழுந்தாலும் கேட்கும் என்று ஒருவர் சொன்னார். பொறுக்க முடியாமல் அதையும், அதற்கு மின்சாரம் கொடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிற ப்ரீஆம்ப் பெட்டி ஒன்றையும் வாங்கிவிட்டேன். இரண்டும் இரண்டாம் நாளே வந்து சேர்ந்தன. மச்சானிடம், ஞாயிற்றுக்கிழமை வரமுடியாது, கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

நாங்கள் இருப்பது வரிசை வீடுகளில் ஒன்று. எங்கள் சின்ன அறைக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். சுவரோரம் மேஜையைப் போட்டு அதன்மேல் மைக்கை நிறுத்தினேன். மைக்கின் ஒரு பக்கத்தில் பெயர் பொறித்திருந்தது. பெயர்ப்பலகை என்பது வெளியில் இருப்பவர்களுக்குத்தானே என்று அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். மத்தியானம் தெரு அடங்கியதும் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மைக்கோடு சேர்த்துத் தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டேன். எதிரொலி வராமல் இருக்கத் தாடிக்காரர் சொன்ன வழி. அவர் ஊரில் விழுப்புரத்து வெயில் இல்லை.

ஹெட்போனில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ப்ரீஆம்ப்பின் குமிழைத் திருகினேன். இன்னும் திருகினேன். முதலில் பல்லி கேட்டது. பிறகு எங்கோ சொட்டுகிற குழாய். அப்புறம், காதோடு காதாக, பக்கத்து வீட்டம்மா.

"நாலு நாளுகூட ஆவல, கொத்தமல்லி அழுவிப்போச்சி."

திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். போர்வைக்குள் என்னைத் தவிர யாரும் இல்லை.

என் மனைவி நர்சரிப் பள்ளியில் டீச்சர், இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். காதில் வைத்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"இன்னாங்க இது, மடியில உக்காந்து பேசுற மாதிரி இருக்குது."

அதற்குப் பிறகு அவள் பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போர்வைக்குள் போனாள். மைக்கை டெஸ்ட் செய்வதாகச் சொன்னாள்.

"தப்பும்மா. அடுத்தவங்க வீட்டுப் பேச்சு."

"நானா போயி கேக்குறேன்? காதுல வுழுது."

அவள் கேட்டுமுடித்த பிறகுதான் எனக்கு மைக் கிடைத்தது. ஒரு நாள் அவள் போர்வையை விலக்கி என்னை அவசரமாகக் கூப்பிட்டு, ஹெட்போனின் ஒரு காதை என் காதில் வைத்தாள். பக்கத்து வீட்டம்மா தன் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். கணவர் ரயில்வேயில் ரிடையர் ஆனவர், நிதானமான மனிதர்.

"மத்தியானமானா அந்தத் தம்பி கதவ சாத்திக்கினு தனியா பேசுதுங்க. 'இலைகளில் கரும்புள்ளி, இலைகளில் கரும்புள்ளி'ன்னு அதையே பத்து தபா சொல்லுது. ஜன்னலு இடுக்குல பாத்தேன், போர்வைய போத்திக்கினு உக்காந்திருக்குது, இந்த வேக்காட்டுல. அந்தப் பொண்ணு பாவம். நாளைக்கு கோயில்ல கயிறு மந்திரிச்சி வாங்கியாந்து கட்டிவுடுங்க."

"சரி," என்றார் ரயில்வேக்காரர்.

மறுநாள் மூன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டபோது என் மனைவி இரண்டு டம்ளரில் காபியை ஆற்றி வைத்திருந்தாள். அவர் கையில் கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் இருந்தன. காபியைப் பார்த்தார்.

"நான் வருவேன்னு எப்படிம்மா தெரியும்?"

"தோணிச்சிங்க," என்றாள் அவள்.

அவர் அவளையும் கவலையோடு பார்த்தார். இரண்டு கயிறாக வாங்கி வந்திருக்கலாம் என்று நினைத்திருப்பார். என் வலது கையில் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். எதிர்க்க மனம் வரவில்லை. கட்டி முடித்த பிறகு, கம்பெனி, நிலக்கடலை, மைக், போர்வை எல்லாவற்றையும் விளக்கினேன்.

"ஓ, ரெக்கார்டிங்கா. எங்க, அந்த மைக்க காட்டுங்க தம்பி."

மனைவி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அதற்குள் அவர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார். பெட்டியின் குமிழ் முழுக்கத் திருகியபடியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி யாரிடமோ போனில் பேசுவது எங்களுக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்டது. அவருக்கு எப்படிக் கேட்டது என்பது முகத்தில் தெரிந்தது. புருவம் மெல்ல மேலே ஏறி அங்கேயே நின்றது. காபி ஆறியது. கால்மணி நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி, மேஜைமேல் ஓசைப்படாமல் வைத்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டாள் என் மனைவி.

"மொதல்ல எனக்குத்தான் கயிறு கட்டணுமாம்," என்றார். பிறகு காபியைக் குடித்துவிட்டு, "நல்ல மைக்குதான்" என்று சொல்லிக் கிளம்பினார். எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குமேல் எனக்கு அந்த மைக்கோடு ஒரே வீட்டில் இருக்க வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் துண்டில் சுற்றி, ப்ரீஆம்ப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, எந்தப் பக்கம் பாத்து பேசுனீங்க?"

காட்டினேன். ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தான்.

"பேரு இருக்குற பக்கம்தான் மூஞ்சி. நீங்க இத்தினி நாளா அதோட முதுவுகிட்ட பேசிக்கினு இருந்திருக்கீங்க. அது பக்கத்து வீட்டப் பாத்துக்கினு இருந்திருக்குது."

வெட்கத்தை மறைக்க மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அதான் அந்தம்மா கொரலு அவ்ளோ தெளிவா இருந்துது," என்றாள். "திருப்பிடாதீங்க, அப்படியே இருக்கட்டும்."

மைக்கை நேராகத் திருப்பிப் பேசிப் பார்த்தோம். என் குரல் நன்றாக வந்தது. அதோடு கடைக்கு எதிரே நின்ற கரும்புச்சாறு மெஷினும் நன்றாக வந்தது. மச்சான் மூன்று மைக்கை வரிசையாக வைத்தான். ஒன்று என்னுடையது. இரண்டாவது, அவன் கல்யாண மண்டபங்களில் கையில் கொடுக்கிற சாதாரண டைனமிக் மைக். தலையில் ஒரு நசுங்கல், வலையில் வெற்றிலை வாசம். மூன்றாவது, ரேடியோ நிலையத்தில் இருப்பதுபோல் கனமான ஒன்று, யாரிடமோ இரவல் வாங்கியது. இரண்டாவதற்கு என் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகினாலும் சத்தம் போதவில்லை, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஓர் இரைச்சல்தான் கூடியது. மச்சான் டப்பாவிலிருந்து விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்து, மைக் ஒயருக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகினான். அதுவும் ஒரு ப்ரீஆம்ப்தானாம், பெட்டிக்கும் முன்னாடி. ப்ரீக்கு ப்ரீ. இரைச்சல் அடங்கியது.

மூன்றிலும் ஒரே பக்கத்தைப் படித்துப் பதிவுசெய்தேன். கேட்டுப் பார்த்ததில் அவன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன். அந்த நேரம் பேரனின் காதுகுத்துக்கு மைக்செட் சொல்ல ஒரு விவசாயி வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, விவரம் எதுவும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டி, மூன்றையும் கேட்கவைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எது நல்லா இருக்குதுங்க?" என்றான் மச்சான்.

"மூணு பேருமே ஒரே விஷயத்ததான் சொல்றாங்க. ரெண்டாவது ஆளு பரவால்ல, நம்ம பக்கத்துல உக்காந்து சொல்றாரு. மொத ஆளு கரும்பு ஜூசு கடையில நின்னுக்கினு சொல்றாரு. மூணாவது ஆளுக்கு சளி புடிச்சிருக்குது."

மூன்று பேரும் நான்தான் என்று அவர் கடைசிவரை நம்பவில்லை. போகும்போது, "நெலக்கடலையாம். மல்லாட்டைன்னு சொன்னா வாய் கோணிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மச்சான் கல்யாண மைக்கின் வலையைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, குழாயோடு சேர்த்துக் கொடுத்தான். என் கண்டென்சரை அவன் வைத்துக்கொண்டான். மனைவிக்கு அதில் இரண்டு நாள் வருத்தம்.

கம்பெனிப் பெண்ணிடம் மல்லாட்டை என்று சொல்லலாமா என்று கேட்டேன். உங்கள் பக்கத்துக்குத்தான் போகப்போகிறது, தாராளமாகச் சொல்லுங்கள் என்றார். போர்வை இல்லாமல், ஃபேனை மட்டும் நிறுத்தி, மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பேசி அனுப்பினேன். சாயந்திரமே பதில் வந்தது. சத்தம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசியில் மேலே தூக்குகிறேன், நோய் வந்ததைத் தள்ளுபடி வந்ததுபோல் சொல்கிறேன் என்றார். இதற்கு எந்தப் பெட்டியும் கிடையாது. மறுபடி பேசினேன். மறுபடி தூக்கினேன். நாலாவது தடவை மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மல்லாட்டைக்கு நோவு வந்திருக்குது. நீங்க இன்னாத்துக்கு சந்தோஷப்படுறீங்க? என்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவளைப் பார்த்துச் சொன்னேன். இலையில் கரும்புள்ளி வரும், அடி இலை முதலில் கொட்டும் என்றேன். அவள் நிஜமாகவே கவலைப்பட்டு, "அப்புறம்?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினேன். அது தேறிவிட்டது. அடுத்த வாரத்துக்கு நெல்லில் குருத்துப்பூச்சி பற்றி ஏழு பக்கம் வந்தது.