ஐம்பது வாட்ஸும் அண்ணனும்

அவளுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது, பற்றி எரிந்தது. ஆறு மாதமாக, கிதாரில் அவள் நாலைந்து கம்பியைச் சேர்த்து ஓங்கி ஒரு கார்டு அடிக்கும்போதெல்லாம் ஒலி நசுங்கிக் கரகரக்கும். உடனே அண்ணன் டிரம்ஸ் குச்சியை நிறுத்திவிட்டு அவள் மணிக்கட்டைப் பார்ப்பார்.

போன வருடம் மாடிப்படியில் விழுந்து உடைந்த மணிக்கட்டு அது. எலும்பு கூடி எத்தனையோ மாதமாயிற்று. பகல் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் கடுகளவு திருகாணியை முடுக்குகிற கை. ஆனால் இருவரும் வாசிக்கிற இசைக்குழுவில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். "கை இன்னும் சரியாகலம்மா உனக்கு" என்பார், பரிவோடு. அந்தப் பரிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கோளாறு கையில் இல்லை, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில். கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய வால்வு ஆம்ப் செத்தபின் அவள் மாடலருக்கு மாறினாள். எந்த ஆம்ப்பின் குரலையும் அப்படியே நடித்துக் காட்டும் சின்னப் பெட்டி. ஸ்பீக்கரை உலுக்க அதற்குத் தெம்பு கிடையாது, தனியாக ஒரு பவர் ஆம்ப் வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து வாங்கியவர் அண்ணன்.

"ஐம்பது வாட்ஸ் தாராளம். பழசு முப்பதுதானே? கூரையே பிச்சுக்கிட்டுப் போகலையா?"

"அது வால்வுண்ணே. திணறினாக்கூட காதுக்கு இதமாத் திணறும். இது திணறினா கரகரக்கும். ஓங்கி அடிக்கிற அந்த ஒரு நொடிக்கு நாலு மடங்கு சக்தி கைவசம் இருக்கணும். இருநூறாவது வேணும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு, தனியாக வாசித்தால் கரகரப்பே வராது. டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க ஒலியைக் கூட்டினால்தான் வரும். சில நாள் அவளே தன் கையைச் சந்தேகப்பட்டாள். அதற்காகவும் அவர்மேல் ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை அறைக்குப் போனால், அவள் நாற்காலியில் வேறொருவர். "ரெண்டு ப்ரோக்ராமுக்கு மட்டும்மா. நீ ரெஸ்ட் எடு" என்றார் அண்ணன். அந்த ஆளின் காலடியில், அறையிலேயே அவள் விட்டுவைத்திருந்த மாடலர். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புது ஆள் நன்றாகவே வாசித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். டிரம்ஸ் சேர்ந்ததும் ஓங்கி அடித்தார். கரகரவென்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் அதே.

அண்ணன் குச்சியை நிறுத்தினார். அந்த ஆளின் கையைப் பார்க்கவில்லை, ஆம்ப்பைப் பார்த்தார்.

"உங்க மேல தப்பில்ல சார். இந்த ஆம்ப்புக்குத் தெம்பு பத்தல. இருநூறு வாட்ஸ்ல ஒண்ணு பாத்துடலாம்."

தொண்டைத் தண்ணீர் வற்ற ஆறு மாதம் அவள் சொன்னது, யாரோ ஒருவர் இரண்டு முறை கம்பியைத் தட்டியதும் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

அவள் போய் மாடலரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

"என்னம்மா இது, பாதியில?"

"பெட்டி என்னோடது. ஆம்ப் உங்களோடது, நீங்களே வச்சுக்கங்க" என்றாள். "இருநூறு வாட்ஸ் வாங்கத்தான் போறேன். எனக்கு. டிரம்ஸுக்கும் வேற ஆள் பாத்துக்கறேன்."