தங்கவயல் பஸ்காரரின் மகன்

எங்கள் ஆக்களுக்கு ஒரு வியாதி உண்டு. தமிழ் முகம் ஒன்றைக் கண்டால், சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்டாக வேண்டும். வோல்சிங்கம் மாதா கோயிலுக்கு யாத்திரை போகிற எங்கள் பங்கின் கோச் பஸ்ஸை ஓட்டக் கஸ்பர் முதன்முதல் வந்த அன்றும் அதுதான் நடந்தது. வண்டி லண்டனில் எங்கள் ஹரோவை விட்டு வெளிக்கிடவில்லை, முன் சீட்டில் இருந்த என் மனுசன் சூசைதாசன் தொடங்கிவிட்டார்.

“தம்பி எந்த இடம்?”

“கோலாருண்ணே. தங்கவயல்.”

“அது கர்நாடகா எல்லோ? அப்ப நீங்கள் கன்னட ஆளோ?”

“இல்லண்ணே, தமிழ்தான். தங்கம் தோண்டப் போன தமிழங்க.”

“அப்ப கிலோக்கணக்கிலை கட்டிக்கொண்டு வந்திருப்பியளே!”

கோச் முழுக்கச் சிரித்தது. கஸ்பரும் சிரித்து வைத்தார். தங்கம் தோண்டினவன் வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம் இருந்திராது என்பது இந்த மனுசனுக்கு எங்கே விளங்கப் போகிறது!

மத்தியானம் புல்தரையில் பாயை விரித்துப் புட்டும் இறைச்சிக் கறியும் பகிர்ந்தோம். கஸ்பர் மட்டும் டிரைவர் சீட்டிலேயே இருந்து ஒரு காய்ந்த சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன தம்பி, நாங்கள் என்ன கடிக்கிற ஆக்களோ? இறங்கி வாங்கோ.”

“இருக்கட்டும்கா. தனியா சாப்பிட்டுப் பழகிடுச்சு.”

விடுவேனா? கோப்பை நிறையப் போட்டுக் கொண்டுபோய்க் கையில் திணித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு யாத்திரையிலும் அவருக்கு ஒரு கோப்பை என் கணக்கு. சாப்பிடச் சாப்பிடத்தான் தன் வீட்டுக் கதையைச் சொன்னார்.

தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர். கல்லுத் தூசி நெஞ்சில் ஏறி, இருமி இருமியே செத்தார். அதைப் பார்த்த அப்பா, செத்தாலும் மண்ணுக்குக் கீழே போகமாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். சுரங்கத்து ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிற பஸ். ஷிப்ட் முடிந்து வண்டி வரும்போது பெண்கள் தெருமுனையில் நின்று, இறங்குகிறவர்களை முகம் முகமாகப் பார்ப்பார்களாம்.

உள்ளே பாறை வெடித்து யாராவது போய்விட்டால்? எல்லாரும் இறங்கி முடிந்து, தன் புருஷனை மட்டும் காணாமல் ஒருத்தி தெருவில் நின்று அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அந்த மனிதர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேறு யாரையும் இறக்குவதற்கு முன் பஸ்ஸை நேரே அந்த வீட்டு வாசலுக்கு விடுவார். தானே இறங்கிப் போய்ச் சொல்லுவார். எவ்வளவு நல்ல மனசு! அதற்கு ஊர் கொடுத்த கூலியைப் பாருங்கள். நாளடைவில் அவர் பஸ் இல்லாமல் சும்மா நடந்து வந்தாலே, சாவுச் சேதிதான் என்று கதவைச் சாத்தினார்கள். கல்யாணத்துக்கு அழைப்பில்லை, ஞானஸ்நானத்துக்கு அழைப்பில்லை. பஸ்காரர் வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் ஆளில்லை, அங்கே பெண் எடுக்கவும் ஆளில்லை. கஸ்பரும் அக்கா ஞானசௌந்தரியும் தனிமரமாகவே நின்றுபோனார்கள். நாசமாய்ப்போன சனம்.

சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கஸ்பர் பெங்களூர், துபாய் என்று ஓட்டி ஓட்டிக் கடைசியில் லண்டன் வந்து, ரெய்னர்ஸ் லேனில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தார். அக்கா அந்தப் பழைய வீட்டிலேயே இருந்துவிட்டா. தினமும் போன் பேசிக்கொள்வார்கள்.

“என்னை டேய்னு கூப்பிட அவ ஒருத்திதான்கா இருக்கா,” என்பார்.

போன மாரிக் குளிரில் அவருடைய அக்கா படுக்கையில் விழுந்தா. கஸ்பர் லீவு போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னை மறித்தார்.

“அக்கா, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட உங்க நம்பரைக் கொடுத்திருக்கேன். வண்டி ஓட்டும்போது எனக்குச் சேதி வந்தா, பின்னாடி அத்தனை உயிர் இருக்கு. உங்களுக்குத்தான் சொல்லுவாங்க. நீங்க போன்ல மட்டும் சொல்லிடாதீங்க. எங்க நைனா வாசலுக்கே போய்ச் சொன்ன மாதிரி நேர்ல வாங்க.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. அவவுக்கு ஒண்டும் வராது,” என்று அதட்டி அனுப்பினேன்.

தவக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தங்கவயலிலிருந்து அந்த போன் வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். கஸ்பருக்கு அன்று வேலை இல்லை என்று எனக்குத் தெரியும்.

“டொலறஸ், மழை கொட்டுது. போனிலை சொல்லிவிடுமன்,” என்றார் சூசைதாசன்.

“வாயை மூடுங்கோ. நான் போறன்.”

ஹரோவிலிருந்து ரெய்னர்ஸ் லேன் எவ்வளவு தூரம்? ரயில் ஏறி உட்கார முன்னம் வந்துவிடும். அன்றைக்கு அது வராமலே இருக்கட்டும் என்று மாதாவை மன்றாடினேன். கடைக்குப் பக்கத்துக் கதவில் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த கஸ்பர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

“அட, அக்கா! வாங்க வாங்க, உள்ள வாங்க!”

என்ன ஓட்டம் ஓடினார் அந்த மனிதர்! இருந்த ஒரே கதிரையில் கிடந்த உடுப்பையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டார். குடையும் இல்லாமல் கீழே கடைக்கு ஓடிப்போய் பிஸ்கட் வாங்கி வந்தார். அலமாரியில் இருந்து ஒரு புதுக் கப்பை எடுத்தார். கடையில் ஒட்டின ஸ்டிக்கர் கூட உரிக்காத கப்.

“இந்த ரூமுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லக்கா,” என்றார், கேத்தலைப் பார்த்துக்கொண்டு.

தான் கேட்டுக்கொண்டதையே மறந்துவிட்டாரே, என்னை விருந்தாளி என்று நினைக்கிறாரே! இதற்கு மேல் எந்த வாயால் சொல்வது? தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் தந்தார்.

“கஸ்பர்...” என்று தொடங்கினேன்.

கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“கதவைத் திறந்தப்பவே தெரிஞ்சிடுச்சுக்கா. நீங்க வாயைத் திறந்துட்டா இது சாவு வீடு ஆயிடும். டீயைக் குடிங்க முதல்ல. அதுவரைக்கும் விருந்தாளி வந்த வீடா இருக்கட்டும்.”

நான் குடித்தேன். அவர் எதிரே கட்டில் நுனியில் உட்கார்ந்து, என் முழங்கால் வலி இப்போது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.