மும்முனை மின்சாரம் வருவதற்குள்

ஓட வைக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கள் தொழிலில் பஞ்சமில்லை; நிறுத்தத் தெரிந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஓடுகிற நிரலை நிறுத்தும்படி பணிக்கப்பட்டு விழி பிதுங்கியிருக்கும் சக துயரிகளே, இது உங்களுக்காக.

கல்லூரியில் கணினியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், வில்லியனூரில் ஒரு மாடி அலுவலகத்தில் பொறுப்பேற்றேன். பாகூரிலிருந்து சுத்துக்கேணி வரை ஆழ்துளைக் கிணறுகளின் மோட்டார்களில் எங்கள் பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. மின்சாரம் வந்ததா, மோட்டார் தண்ணீர் இறைக்கிறதா என்று அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். ஒன்றாகப் பிணைத்த பல கணினிகள் அவற்றை வாங்கிக்கொள்ளும். அவற்றின்மேல் ஓடும் நிரலுக்கு ‘ஜாப்’ என்று பெயர். தண்ணீரில்லாமல் மோட்டார் சுழன்றால், அந்த ஜாப் உரியவரைத் தொலைபேசியில் அழைத்து எச்சரிக்கும். வரத்து ஓயாததால் ஜாப்புக்கும் ஓய்வு கிடையாது. என் துயரத்தின் ஊற்று அதுவே.

துக்க விசாரிப்பு

பழைய ஜாப்பில் ஒரு பழுது இருந்தது. நினைவகம் ஊதிப் பெருத்து, எச்சரிக்கைகள் தாமதமாகச் சென்றன. அந்தத் தாமதத்தில் சுத்துக்கேணிக் கரும்பு விவசாயி கலியமூர்த்தியின் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோயிற்று. கோடை முற்றி நீர்மட்டம் இறங்குவதற்குள் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை ஏற்றுவது என்று அன்றே தீர்மானித்தேன். மோட்டார் இன்னொரு முறை எரிந்தால் அவருடைய கரும்பு காய்ந்துவிடும். அதை அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்டது வேறு.

“மோட்டாரு வெந்து அர மணி கழிச்சி உங்க போனு வருது. இன்னாம்மா, துக்கம் விசாரிக்கவா? இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா பொட்டிய அவுத்துக் கொண்டாந்து உங்க ஆபீஸ் வாசல்ல வச்சிட்டுப் போய்டுவேன்.”

மறுபடி எழுந்த ஒர்க்கர்

ஜாப் தன் வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து ஒவ்வொரு கணினியிலும் சில ‘ஒர்க்கர்’களிடம் ஒப்படைக்கும். ஒர்க்கர் விழுந்தால் தூக்கி நிறுத்துவதற்கென்றே ஒரு கண்காணிப்பு நிரலும் அங்கே உண்டு. இது புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் கதிருக்குத் தெரியாது. பழைய ஜாப்பை நிறுத்தச் சொன்னதும், ஒரு கணினிக்குள் நேரே புகுந்து ஒர்க்கரைக் கொன்றார். சில நொடிகளில் அது வேறு எண்ணுடன் உயிர்த்தெழுந்தது. மறுபடி கொன்றார், மறுபடி எழுந்தது. வைரஸ் என்று முடிவு செய்து கேபிளைப் பிடுங்கப் போனவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

“அது தன் கடமையைச் செய்கிறது. வேலைக்கு அமர்த்திய தலைமைக் கணினியிடம் போய்ச் சொல்லுங்கள், ஒர்க்கரிடம் சண்டை போடாதீர்கள்” என்றேன். தவளக்குப்பத்திலிருந்து நாள்தோறும் பைக்கில் வருகிற கதிர் சொன்னார்: “எங்க ஜங்ஷன் மாரியே இருக்கு மேடம். ஒரு வண்டிய ஓரங்கட்டுனா அதே எடத்துல இன்னொன்னு வந்து நிக்கிது.”

வெயில் ஏறியது யாருக்கு

அடுத்த முறை கதிர் முறைப்படி தலைமைக் கணினிக்கே கட்டளையிட்டார். ஆனால் காத்திருக்கவில்லை. உள்ளே பாதி வழியில் சமிக்ஞைகள் நின்றிருக்க, ஜாப்பை அறுத்துப் போட்டார். மீண்டும் தொடங்கியபோது, கடைசியாகத் தன் நிலையைச் சேமித்த இடத்திலிருந்து அது ஆரம்பித்தது. அந்தச் சேமிப்போ காலையில் நடந்தது. ஆகவே காலையில் கொடுத்து முடித்த எச்சரிக்கைகளை உச்சி வெயிலில் மறுபடி ஒப்பித்தது. கலியமூர்த்தி சாப்பாட்டில் கை வைத்தவர், அப்படியே எழுந்து கரும்புக் கொல்லைக்கு ஓடினார். அங்கே மோட்டார் அசையாமல் கிடந்தது.

நான் என் பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமே ஆயா. அலுவலகத் தொலைபேசியில் அந்த உறவை நான் அனுமதிப்பதில்லை. அன்று கலியமூர்த்தி அழைத்துக் கேட்டபோது மட்டும் திருத்தாமல் விட்டேன். “கரண்டே இல்லாத மோட்டாரு எப்டி ஆயா ஓடும்? மண்டையில வெயில் ஏறிப்போனது உங்க மெஷினுக்கா, எனக்கா?”

மின்தடையை வரவேற்றவர்கள்

அன்று மாலை ஒரு விதி வகுத்தேன். முதலில் சமிக்ஞைகள் நுழையும் வாசலை அடைக்க வேண்டும். உள்ளே இருப்பவை முடியும்வரை காத்திருக்க வேண்டும். நிலையைச் சேமித்த பின்புதான் நிறுத்த வேண்டும். இடையில் எந்த எச்சரிக்கையும் போகாது என்பதால், மோட்டார்களே ஓடாத வேளையாகவும் அது அமைய வேண்டும். பராமரிப்புக்காக மாதந்தோறும் மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அந்த நாளைத் தேர்ந்தேன். எங்கள் கணினிகளுக்கு ஜெனரேட்டர் உண்டு.

மின்தடை அறிவிப்பைக் கதிரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னார்: “கரண்ட் போவப்போவுதுன்னு நாள் குறிச்சிக் காத்துக்கினு இருக்கற ஒரே ஆபீஸ் நம்புளுதுதான் மேடம்.”

கடைசி அழைப்பு

மின்சாரம் நின்றது. வாசலை அடைத்தோம். ஒர்க்கர்கள் ஒவ்வொன்றாகத் தம் வேலையை முடித்து ஒதுங்கின. ஒன்று மட்டும் ஒதுங்கவில்லை. தொலைபேசி இணைப்புக்குக் காத்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதற்குள் அடைத்த வாசலுக்கு வெளியே சமிக்ஞைகள் குவியத் தொடங்கின. பராமரிப்பு முன்கூட்டியே முடிந்து, மும்முனை மின்சாரம் வந்துவிட்டது.

“மேடம், அடிச்சித் தூக்கிடலாமா?” என்றார் கதிர்.

“அதன் கையில் என்ன இருக்கிறது? அதைப் பாருங்கள் முதலில்.”

“ஒரே ஒரு போன் கால்தான். சுத்துக்கேணி. கலியமூர்த்தி.”

மின்சாரம் போவதற்குச் சற்று முன் அவருடைய மோட்டார் தண்ணீரில்லாமல் சுழன்றிருக்கிறது. அந்த எச்சரிக்கை இன்னும் அவரை எட்டவில்லை. அவருடையது ஆட்டோ ஸ்விட்ச்: மின்சாரம் வந்ததுமே மோட்டார் தானாக ஓடத் தொடங்கியிருக்கும். கிணற்றில் சிறிது நேரம் ஊறிய தண்ணீரை இறைத்து முடித்ததும் வெறுமனே சுழலும். ஒர்க்கரைக் கொன்றால் அவருக்கு எச்சரிக்கை இல்லை. காத்திருந்தால் மற்ற எவருக்கும் இல்லை.

என் கைபேசியை எடுத்தேன். “கலியமூர்த்தி, கிணற்றில் தண்ணீர் இல்லை. ஆட்டோ ஸ்விட்சை அணையுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.”

“மோட்டாரு கொட்டாயிலதான் கீறேன். இருங்க.” காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ‘டக்’. “அணச்சிட்டேன். தண்ணி நூலாத்தான் வந்துக்கினு இருந்திச்சி.”

கதிரைப் பார்த்துத் தலையசைத்தேன். கையில் ஒன்றும் மிச்சமில்லாத அந்த ஒர்க்கரை அவர் வலுக்கட்டாயமாக நிறுத்தினார். நிலை சேமிக்கப்பட்டது, பழைய ஜாப் அடங்கியது, புதியது ஏறியது. வாசலைத் திறந்தோம். குவிந்திருந்தவை தேங்காமல் உள்ளே ஓடின. நான் கலியமூர்த்தியை மறுபடி அழைத்து நடந்தது முழுவதையும் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“இத்தினி மெஷினு வச்சிக்கினு கடசியில நீங்கதான் போன் பண்ணணுமா? சரி, பொட்டி இருக்கட்டும். உங்க நம்பர ஆயான்னு போட்டு வச்சிக்கறேன்.”

புதிய ஜாப் கோடை முழுவதும் தடங்கலின்றி ஓடிற்று. அதையும் ஒரு நாள் நான்தான் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், சக துயரிகளே, கலியமூர்த்தியின் எண்ணை நானும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.