வெள்ளி உடுப்பு போட்ட ஆயம்மாள்

ஆயம்மாளைப் புளுகி என்று முதலில் சொன்னவள் நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளும் நானும் சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். நடுவட்டத்துத் தேயிலை எஸ்டேட்டில் பக்கத்துப் பக்கத்து நிரையில் இருபத்திரண்டு வருசம் கொழுந்து எடுத்தோம். அவள் மகள் சசிரேகா கைப்பிள்ளையாக இருந்தபோது நடந்தது இது.

ஒரு நாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆயம்மாளைக் காணோம். பக்கத்தில் இருக்கிற ஆள் தெரியாத அளவுக்கு மஞ்சு. மாரப்பன் கங்காணிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. பொழுது சாயும்போது வந்தாள். தலையெல்லாம் வேர்வை, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"ரோட்டு வளைவுல டி.வி. நாடகம் எடுக்கிறாங்கடி. ஆகாசத்துல போற கப்பலு, வேற கிரகத்து ஆளுங்க, அப்படி ஒரு கதை. நடிக்க வந்த பொண்ணு கால்ல அட்டை ஏறிருச்சு. அது கத்திக்கிட்டு கார்ல ஏறி உக்காந்துக்கிச்சு, இறங்க மாட்டேங்குது. கொழுந்தை எடை போட்டுட்டு அந்தப் பக்கமா வந்த என்னைப் பார்த்துட்டு, அளவு சரியா இருக்குன்னு அந்த வெள்ளி உடுப்பை எனக்கு மாட்டி விட்டுட்டாங்க. தலைக்குக் கண்ணாடிக் கூண்டு. செடிக்குள்ள நாலு தடவை நடந்தேன்."

"கூடலூர்ல மேட்னி பார்த்துட்டு வர்றா, கதையைப் பாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. அவள் புருசன் மூக்கன் மட்டும், "போனா போகட்டும், வந்துட்டால்ல" என்று விட்டுவிட்டான். நாடகம் டி.வி.யில் வந்தபோது எங்கள் லயத்து வரிசை வீடுகள் எதிலும் டி.வி. கிடையாது. பள்ளிக்கூடத்தில் சசிரேகாவை "ஆகாசக்காரி மக" என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் ஆயம்மாள், "நான் போட்டது நிசந்தான் கண்ணு" என்பாள். அந்தப் பிள்ளையும் நம்பவில்லை.

சசிரேகா இப்போது அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸில் குடும்பமாக இருக்கிறாள். போன தை மாசம் அந்தப் பழைய நாடகம் முழுவதையும் துடைத்துச் சுத்தம் செய்து, தமிழ்க் குரலும் சேர்த்து, டிஸ்க் பெட்டியாக விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரவழைத்துவிட்டாள். ஆறு டிஸ்க். இப்போது யார் வீட்டிலும் டிஸ்க் போடும் மிஷின் இல்லை. யாரிடமோ இரவல் வாங்கி, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆயம்மாளுக்குச் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. "நான் வர்ற இடத்தை வெட்டிப் போட்டிருந்தா? கூண்டுக்குள்ள மூஞ்சி வேற தெரியாதேடி சின்னம்மை. இத்தனை வருசம் கழிச்சு இன்னொரு தடவை சிரிப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயமே அவள் வீட்டில் கூடிவிட்டது. மாரப்பன் கங்காணிக்கு எண்பது தாண்டிவிட்டது, நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டார். முதல் ஞாயிறு ரெண்டு டிஸ்க் ஓடியது. கப்பல், சண்டை, பெரிய பெரிய பேச்சு. அடுத்த ஞாயிறும் ரெண்டு. படத்தில் ஆயம்மாள் வரவில்லை.

"என்ன ஆயா, நீ இன்னும் மேக்கப் போட்டு முடிக்கலையா?" என்றார் கங்காணி.

"நீங்க கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாருங்க கங்காணியாரே" என்றாள் ஆயம்மாள். குரல் மட்டும் இறங்கிவிட்டது. சசிரேகா அம்மா முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மூடினாள்.

மூன்றாவது ஞாயிறு, ஐந்தாவது டிஸ்க். கப்பல் புதுசாக ஒரு கிரகத்தில் இறங்குகிறது. பார்த்தால் நம்ம பத்தாம் நம்பர் மலை! "அட, நம்ம சில்வர் ஓக்கு மரம்!" என்று கத்தினார்கள். மஞ்சுக்குள்ளிருந்து வெள்ளி உடுப்பில் ஒரு உருவம், தலையில் கண்ணாடிக் கூண்டு. கூண்டு முழுக்க ஆவி படிந்து மூஞ்சி தெரியவில்லை.

"நான்தான்" என்றாள் ஆயம்மாள்.

"யாரா வேணும்னாலும் இருக்கலாம்" என்றார் கங்காணி.

அந்த உருவம் செடிகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து வருகிறது. பின்னால் ஒரு குரல், இந்தக் கிரகத்துச் சனங்கள் மனிதரைக் கண்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்போது அந்தக் கிரகத்துச் சனத்தின் ரெண்டு கையும் தானாகக் கீழே போய்ச் சடசடவென்று கொழுந்து கிள்ளின. ஒரு பிடி சேர்ந்ததும் தோளுக்குப் பின்னால் எறிந்தது. முதுகில் கூடை ஏது? கொழுந்தெல்லாம் தரையில் கொட்டியது.

பெண்கள் சிரித்த சிரிப்பில் மேல் தகரம் அதிர்ந்தது.

கங்காணி விடவில்லை. "கொழுந்து எடுக்கிற பொம்பளைன்னு தெரியுது. ஆயம்மாதான்னு எப்படிச் சொல்றது? எல்லாரும்தான் எறியுறீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து நிரைக்காரி நான்தானே. "இன்னொரு தடவை போடு பிள்ளை" என்றேன். சசிரேகா திருப்பிப் போட்டாள். எனக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்ல வாய் லேசில் வரவில்லை. மறுபடியும் போடச் சொன்னேன். நாங்களெல்லாம் கை நிறைந்ததும் அப்படியே எறிவோம். அவள் மட்டும் பிடியை ஒரு தடவை உதறி, முற்றின இலையைச் சுண்டுவிரலால் தள்ளிவிட்டு, இடது கைக் கொழுந்தையும் வலது தோளுக்கு மேலேதான் எறிவாள். பாதி என் நிரையில் விழும். அதற்காக அவளோடு எத்தனை சண்டை! டி.வி.யில் அந்த உருவமும் அதையேதான் செய்தது.

"இவதான்" என்றேன். "இந்தக் கையை எனக்குத் தெரியும். நான்தான் புளுகின்னு சொன்னேன். தப்பு என்னுது."

கங்காணி கண்ணாடியைக் கழற்றினார். "சின்னம்மையே சொல்லிருச்சுன்னா சரிதான்" என்றார்.

சசிரேகா எழுந்து போய் அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "நான் நம்பலையேம்மா" என்றாள். ஆயம்மாள் அவள் தலையைத் தடவிக்கொண்டே டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நடை நல்லா இருக்குல்ல?" என்றாள்.

அப்புறம் ஒரு மாசம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயடியில், ரேசன் கடையில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் அந்தக் கதைதான். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். நேற்று வந்து, "ஆறாவது டிஸ்க்குல அந்தக் கப்பலை ஓட்டிட்டுப் போறதும் நான்தான்டி" என்கிறாள். ஓட்டியது மீசை வைத்த ஆம்பிளை, நானே பார்த்தேன். வருகிற ஞாயிறு மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.